துரோகிகளின் உறவினர்: சோழ, பாண்டிய அரசியலில் துரோகமும் பாவமும்

பழனி மலைத்தொடரில் உள்ள பாச்சலூரிலிருந்து மலைச்சாலையில் வடக்கே இறங்கினால் ஒட்டன்சத்திரம் சமவெளி. அதற்கு மேற்கே பழனி வட்டாரம், வையாபுரி நாடு என்ற பெயரில் கொங்கின் இருபத்து நான்கு நாடுகளில் ஒன்றாக எண்ணப்பட்டது. மலைத்தொடரின் தெற்கிலும் கிழக்கிலும் பாண்டிய மண். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரை அரியணைக்காக நடந்த நீண்ட போரில் இந்த எல்லைக்கும் பங்கு உண்டு. அரியணைக்குப் போட்டியிட்ட குலசேகர பாண்டியனுக்குத் துணை நின்றவை அவனுடைய தாய்வழி உறவான கொங்குப் படைகள் என்று இலங்கையின் பாலி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. பாண்டியனின் மாமன்மார் இருந்தது கொங்கில். மருமகனுக்காகப் படை திரட்டியதும் அவர்களே.

அந்தப் போரை மூன்று தரப்பாரும் எழுதிவைத்தார்கள். ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு துரோகி இருந்தான், ஒரு பாவியும் இருந்தான். இடைக்கால அரசியலில் துரோகம் என்று எதைச் சொன்னார்கள், தீமையை எங்கே கண்டார்கள் என்று கேட்பவருக்கு இதைவிடச் செறிவான சான்று தமிழில் இல்லை என்பது என் எண்ணம்.

போர் தொடங்கிய விதத்தைச் சூளவம்சம் இப்படிச் சொல்கிறது. குலசேகரன் மதுரையை முற்றுகையிட்டான். உள்ளே இருந்த பராக்கிரம பாண்டியன் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டுத் தூது அனுப்பினான். தண்டநாயகன் லங்காபுரன் தலைமையில் படை புறப்படுவதற்குள் மதுரை விழுந்துவிட்டது. பராக்கிரம பாண்டியனும் அவன் மனைவியும் மக்களும் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவன் வீரபாண்டியன் என்ற மகன் ஒருவன்தான். லங்காபுரன் இராமேசுவரக் கரையில் இறங்கி, ஊர் ஊராகப் போரிட்டு, கடைசியில் வீரபாண்டியனை மதுரையில் முடிசூட்டினான். இந்தக் கதையில் கொடியவன் குலசேகரன். அரசனோடு அவன் பிள்ளைகளையும் கொன்றவன் என்பது அவன் மீதுள்ள பழி. இலங்கைப் படையோ அடைக்கலம் கேட்டவனுக்கு நீதி செய்ய வந்த படை.

இதே போரைத் தொண்டைமண்டலத்திலிருந்து பார்த்தவர்கள் வேறு விதமாக எழுதினார்கள். காஞ்சிபுரத்துக்கு அருகில் ஆர்ப்பாக்கம் என்ற ஊரில் சோழ மன்னன் இரண்டாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. தொண்டியிலும் பாசியிலும் நடந்த சண்டைகளின் செய்தி கேட்டுச் சோழமண்டலத்து மக்களும் பிற நாட்டாரும் நடுங்கிப்போனதை அது பதிவு செய்கிறது. எதிரிலிசோழ சம்புவராயன் என்ற தலைவன், கௌட தேசத்துத் தட்சிண ராடத்திலிருந்து, அதாவது வங்கத்திலிருந்து, வந்திருந்த சைவ ஆசாரியர் உமாபதிதேவரான ஞானசிவதேவரிடம் போய் முறையிடுகிறான். வந்திருப்பவர்கள் சாதாரணப் பகைவர்கள் அல்ல, இராமேசுவரத்துத் திருவாசலை அடைத்துப் பூசையை நிறுத்திப் பண்டாரத்தை வாரிய சிவத்துரோகிகள் என்பது அவர்கள் மீதான குற்றச்சாட்டு. ஆசாரியர் 28 நாள் பூசை செய்கிறார். அதன்பின் சோழப் படைத்தலைவர் பல்லவராயரிடமிருந்து ஓலை வருகிறது: சயத்திரதன், லங்காபுரன் உள்ளிட்ட இலங்கைத் தண்டநாயகர்கள் படையோடு தோற்றோடிவிட்டார்கள். சம்புவராயன் ஆர்ப்பாக்கத்தையே ஆசாரியருக்குக் கொடுக்கிறான்.

இருபத்தெட்டு நாள் பூசையைப் படிக்கும்போது அந்த அச்சம் நடிப்பல்ல என்று தோன்றுகிறது. படை பலம் போதும் என்று நம்பியிருந்தால் ஆசாரியரைத் தேடி ஒரு சிற்றரசன் போக வேண்டியதில்லை. பகைவன் சிவனுக்கே துரோகம் செய்தவனாகிவிட்டான். ஆகவே அவனை வெல்லச் சிவனிடமே போக வேண்டும். போர் அரசியலுக்கு அப்பாற்பட்டு, பாவத்தின் தளத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் இராமேசுவரத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் சேர்த்துப் படிக்க வேண்டும். பராக்கிரமபாகுவுக்குச் சிறிது காலத்துக்குப் பின் ஆண்ட நிசங்கமல்லன், இராமேசுவரத்தில் நிசங்கேசுவரம் என்ற கோயிலைத் தான் புதுப்பித்ததாகத் தன் கல்வெட்டுகளில் சொல்லிக்கொள்கிறான். சிவத்துரோகிகளின் நாட்டரசன் ஒருவன் அதே தீவில் சிவனுக்குத் திருப்பணி செய்தேன் என்று பெருமைப்படுகிறான்.

மூன்றாவது குரல் சோழ அரசின் குரல். பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டும் திருவாலங்காட்டுக் கல்வெட்டும் இதில் நமக்குத் துணை. சூளவம்சம் கொடியவனாகக் காட்டிய குலசேகரன் சோழனிடம் அடைக்கலம் கேட்டு வந்தவன். பெருமானம்பிப் பல்லவராயர் படையெடுத்துப்போய், லங்காபுரன் முதலிய இலங்கைத் தளபதிகளைக் கொன்று அவர்கள் தலைகளை மதுரை வாசலில் அறைந்து, குலசேகரனை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். லங்காபுரன் இப்படி மாண்டதைப் பற்றிச் சூளவம்சம் வாய் திறப்பதில்லை.

அடுத்து நடந்ததுதான் சோழர் பார்வையில் பெருந்துரோகம். பராக்கிரமபாகு அடுத்த படையெடுப்புக்காக ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ் ஆகிய இடங்களில் படையும் படகும் திரட்டினான். சோழ அதிகாரி அண்ணன் பல்லவராயன், பராக்கிரமபாகுவின் மருமகனும் அவனுடைய அரியணைக்கு உரிமை கொண்டாடியவனுமான சீவல்லவனை அனுப்பி அந்த ஊர்களை அழித்தான். இங்கேயும் ஒரு மாமன், ஒரு மருமகன். பராக்கிரமபாகு வழியை மாற்றிக்கொண்டு குலசேகரனோடு உறவு பேசினான். குலசேகரன் இசைந்தான். சோழனுக்கு வேண்டிய தலைவர்களான இராசராசக் கற்குடிமாராயனையும் இராசகம்பீர அஞ்சுகோட்டை நாடாள்வானையும் வெள்ளாற்றுக்கு வடக்கே துரத்தினான். மதுரை வாசலில் அறைந்திருந்த இலங்கைத் தளபதிகளின் தலைகளை இறக்கினான். இலங்கையிலிருந்து வந்த ஓலைகளும் பரிசுகளும் வழியில் பிடிபட்டன. சோழன் செய்த நன்மையை மறந்தவன் என்ற தீர்ப்போடு குலசேகரனை நீக்கி, அதே வீரபாண்டியனை மதுரையில் அமர்த்த உத்தரவாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் இலங்கை முடிசூட்டியவன் இப்போது சோழர் முடிசூட்டும் பாண்டியன் ஆனான். பின்னாளில் அவனும் சோழனுக்கு எதிராகத் திரும்பினான். மூன்றாம் குலோத்துங்கன் படையெடுத்து மதுரையைப் பிடிக்க வேண்டிவந்தது.

வாசலில் இருந்த தலைகளை இறக்கியதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஓலையும் பரிசும் மறைவாகச் செய்தவை. தலைகளை இறக்கியது ஊரறியச் செய்தது. தன் கோட்டை வாசலில் இன்னொரு அரசனின் வெற்றிச் சின்னம் தொங்கும்வரை தான் பாண்டியன் ஆக முடியாது என்று குலசேகரன் நினைத்திருக்க வேண்டும். சோழன் நன்றிகேடாகக் கண்ட செயலைப் பாண்டிய நாட்டில் நின்று பார்த்தால் தன் வீட்டு வாசலைத் துப்புரவாக்கிய செயல். திருக்குறள் செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய மொழியில், நன்றி மறந்தவன் என்ற சொல் படைகளை நகர்த்தப் போதுமானதாக இருந்தது. நன்றிக்குக் கால எல்லை உண்டா, உதவி பெற்றவன் எத்தனை காலம் கைகட்டி நிற்க வேண்டும் என்ற கேள்வியை அந்தக் கல்வெட்டுகள் எழுப்பவில்லை.

இந்தக் கதையில் உறவுமுறைகளை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். கொங்கு மாமன்மார், இலங்கையின் மருமகன், கொலையுண்ட அரசனின் மகன். ஒருவனுக்கு உண்மையாக இருப்பது இன்னொருவனுக்கு வஞ்சனையாக ஆகிவிடும் அளவுக்குப் பெண் கொடுத்தும் எடுத்தும் பின்னிக்கிடந்த குடும்பங்கள் இவை. துரோகம் என்றதும் நாம் ஒரு மனிதனின் கறுத்த உள்ளத்தைத் தேடுகிறோம். அந்தக் காலத்து ஆவணங்கள் தேடியது உறவையும் நிலத்தையும். அதிகாரம் குடும்பத்தின் சொத்தாக இருந்ததால் துரோகமும் குடும்பத்தின் குற்றமாக இருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு போர்ச் செய்திக்காக வெட்டப்பட்டதல்ல. இரண்டாம் இராசராசன் மறைந்தபோது அவன் பிள்ளைகள் கைக்குழந்தைகள். அவர்களைப் பாதுகாப்பாகக் கொண்டுபோய்க் காத்து, விக்கிரமசோழனின் பேரன் ஒருவனைத் தேடி இராசாதிராசனாக முடிசூட்டியவர் இந்தப் பெருமானம்பிப் பல்லவராயர். அவர் நோயுற்று மறைந்தபின் அவருடைய மனைவிமாருக்கும் மக்களுக்கும் மற்ற உறவினருக்கும் இறையிலி நிலம் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. கல்வெட்டு அதற்கான ஆவணம். அண்ணன் பல்லவராயனுக்குப் பழையனூரில் பத்து வேலி கிடைத்தது. விசுவாசத்தின் பலன் குடும்பத்துக்கு நிலமாக வந்தது. துரோகத்தின் பலன் எப்படி வரும் என்பதற்கு உடையார்குடி இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பழையனூர் என்ற பெயரைத் தமிழர் வேறு காரணத்துக்காக அறிவார்கள். நீலியின் வஞ்சனையால் ஒரு வணிகன் இறந்தபோது, அவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதற்காக எழுபது வேளாளர் தீயில் இறங்கியதாகச் சொல்லப்படும் ஊர் அது. சொன்ன சொல்லுக்கு உயிரைக் கொடுப்பது அந்தச் சமூகத்தின் உயர்ந்த இலட்சியம். இலட்சியம் எவ்வளவு உயரமோ அவ்வளவு அச்சமும் இருந்தது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நடுநாட்டுத் தலைவர்கள் ஒருவரோடு ஒருவர் செய்துகொண்ட உடன்படிக்கைகள் கோயில் சுவர்களில் காணப்படுகின்றன. செங்கம் கல்வெட்டில் செங்கேணி அம்மையப்பன் அத்திமல்லனான விக்கிரமசோழச் சம்புவராயனும், விடுகாதழகிய பெருமாளான அதியமானும், கரிகாலசோழ ஆடையூர் நாடாள்வானும் தங்களுக்குள் உறுதி செய்துகொள்கிறார்கள். இவர்கள் எல்லாரும் பெயரளவில் ஒரே சோழ மன்னனுக்குக் கீழ்ப்பட்டவர்கள். மன்னன் இருக்கும்போதே ஒருவர் மற்றவருக்குத் தீங்கு செய்யோம் என்று தனியாகச் சத்தியம் செய்ய வேண்டியிருக்கிறது என்றால், மன்னனின் காவல் போதவில்லை என்று பொருள். நம்பிக்கை குறையும்போதுதான் சத்தியங்கள் கல்லில் ஏறுகின்றன.

இலங்கையின் வேளைக்காரப் படை இன்னொரு சான்று. அரசனுக்காக உயிரைக் கொடுப்பதாகச் சத்தியம் செய்த படை அது. முதலாம் விசயபாகு சோழர் மீது படையெடுக்கச் சொன்னபோது அவர்கள் மறுத்துக் கிளர்ந்தார்கள்; தளபதிகளைக் கொன்றார்கள், அரண்மனையைக் கொளுத்தினார்கள். கலகம் அடங்கியபின் தலைவர்களைத் தளபதிகளின் சிதையைச் சுற்றிக் கட்டிவைத்து எரித்ததாகச் சூளவம்சம் கூறுகிறது. அந்த மன்னன் மறைந்தபின், பொலன்னறுவையில் புத்தரின் தந்தச் சின்னம் இருந்த கோயிலைக் காப்பதாக அதே வேளைக்காரர் தமிழில் கல்வெட்டு வெட்டிச் சத்தியம் செய்தார்கள். சோழரை எதிர்க்க மறுத்தவர்களைத் துரோகிகள் என்பதா, தம் இனத்துக்கு உண்மையாக இருந்தவர்கள் என்பதா? சத்தியங்கள் ஒன்றோடொன்று மோதும்போது எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு சத்தியம் உடையும்.

மேற்குலகிலும் பிந்தைய இடைக்காலத்தில் இதே கவலை இருந்தது. 1321இல் மறைந்த தாந்தே, தன் காவியத்தின் நரகத்தில் மிக ஆழமான இடத்தைத் துரோகிகளுக்கு ஒதுக்கினார். உறவினருக்குத் துரோகம் செய்தவர்கள் ஒரு படி, நன்மை செய்தவருக்குத் துரோகம் செய்தவர்கள் எல்லாருக்கும் கீழே. குலசேகரன் மீது சோழர் சாட்டிய குற்றமும் அதுவே. இங்கிலாந்தில் 1352இல் வந்த சட்டம் அரசனின் மரணத்தை மனத்தால் திட்டமிடுவதையே இராசத்துரோகமாக வரையறுத்தது. துரோகியின் இரத்தமே கெட்டுவிட்டது என்று சொல்லி அவன் வாரிசுகளின் நிலத்தைப் பறிக்கும் வழக்கமும் அங்கே நிலைத்தது.

துரோகத்துக்கு வேறொரு பதில் சொன்னவர் சேக்கிழார். இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சராக இருந்தவர் அவர் என்பது மரபு. அவர் பாடிய மெய்ப்பொருள் நாயனார் திருக்கோவலூரை ஆண்ட சேதி நாட்டுக் குறுநில மன்னர். போரில் வெல்ல முடியாத முத்தநாதன் சிவனடியார் வேடத்தில் வருகிறான். சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு, ஆகமம் சொல்வதாகச் சொல்லி அந்தப்புரம் வரை நுழைகிறான். தனிமையில் குத்துகிறான். வாளோடு பாயும் மெய்க்காவலன் தத்தனைச் சாகப்போகிற மன்னர் தடுக்கிறார். கொலைகாரனை ஊர் எல்லை கடக்கும்வரை பத்திரமாக அழைத்துப்போய்விடச் சொல்கிறார். தத்தன் திரும்பி வந்து அவன் போய்விட்டான் என்று சொன்னபிறகே உயிர் பிரிகிறது. அரசவையில் இருந்த ஒருவர், அரசர்களுக்குக் கேட்கும்படி, வஞ்சகனுக்கு இந்தப் பதிலைச் சொன்னார். ஏனாதிநாதர் கதையிலும் நெற்றியில் திருநீறு பூசி வந்த பகைவனிடம் நாயனார் வாளேந்திப் போரிடுபவர் போலவே எதிர்க்காமல் நின்று உயிரை விடுகிறார். வேடத்துக்குக் கொடுத்த மதிப்பு வேடதாரியின் கயமையால் குறையாது என்பது அந்தக் கதைகளின் நிலைப்பாடு. மெய்ப்பொருளார் கதை நடந்ததாகச் சேக்கிழார் பாடிய அதே நடுநாட்டில்தான், அவருக்குச் சில பத்தாண்டுகள் கழித்து, தலைவர்கள் ஒருவரை ஒருவர் நம்பாமல் சத்தியங்களைச் சுவரில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மெய்ப்பொருளாரைப் போற்றிய அரசர்களில் எவரும் அவரைப் பின்பற்றவில்லை.

நடுநாட்டுத் தலைவர்களில் காடவராயன் கோப்பெருஞ்சிங்கன் தனியாகக் குறிப்பிடத் தக்கவன். சோழருக்குப் பணி செய்த குடியில் வந்தவன். 1231ஐ ஒட்டி மூன்றாம் இராசராச சோழனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். போசள மன்னன் நரசிம்மனின் தளபதிகள் அப்பண்ணனும் சமுத்திர கோப்பையனும் வந்து ஊர்களைக் கொளுத்தி அரசனை மீட்டதைத் திருவயிந்திரபுரக் கல்வெட்டு விவரிக்கிறது. கோயில்களுக்குக் கேடு செய்தவன் என்றும் அது காடவனைச் சாடுகிறது. இதே கோப்பெருஞ்சிங்கன் தில்லையில் கோபுரத் திருப்பணி செய்தவன். சகலபுவனச் சக்கரவர்த்தி என்று தன்னைச் சொல்லிக்கொண்டவன். பல ஆண்டுகள் ஆண்டவன். அவன் ஆட்சியாண்டைக் குறிக்கும் கல்வெட்டுகளில் அவன் துரோகி அல்லன். குடிகள் அவன் பெயரில் விளக்கு வைத்தார்கள், நிலம் விற்றார்கள். அரசனைச் சிறைபிடித்தும் பிழைத்து ஆண்டதால் அந்தப் பெயர் அவன்மீது ஒட்டவில்லை.

உடையார்குடிக் கல்வெட்டில் வருபவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. காட்டுமன்னார்கோயில் பகுதியில், பழைய வீரநாராயண சதுர்வேதிமங்கலத்து அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது அது. வீரபாண்டியன் தலைகொண்ட சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் 969ஐ ஒட்டிக் கொல்லப்பட்டான்; இந்த வீரபாண்டியன் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய வேறொருவன். 985இல் பட்டத்துக்கு வந்த முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டில் ஊர்ச் சபைக்கு வந்த அரச ஓலையைக் கல்வெட்டு தருகிறது. கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராயன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராயன், அவர்கள் உடன்பிறந்த மலையனூரான் ஆகியோரை அது பெயர் சொல்கிறது. பிரமாதிராயன் என்பது அந்தண அதிகாரிகளுக்கு அரசு கொடுத்த பட்டம். அரசுக்கு உள்ளிருந்தவர்கள் அவர்கள்.

ஓலை அத்தோடு நிற்கவில்லை. தம்பிமார், மக்கள், பேரப்பன்மார், பெண் கொடுத்த மாமன்மார், தாயுடன் பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள் என்று ஒவ்வொரு கிளையாக எண்ணிப் போகிறது. இவர்கள் அனைவரின் உடைமையும் அரசாணைக்கு உரியது. விற்றுக் கணக்கு முடிக்க வேண்டும். மேற்பார்வைக்குக் கொட்டையூர் பிரமஸ்ரீராசனும் புள்ளமங்கலத்துச் சந்திரசேகர பட்டனும் அனுப்பப்பட்டார்கள். அப்படி விற்ற நிலத்தில் ஏறக்குறைய மூன்று வேலியையும் சில மனைகளையும் ஒருவர் நூறு கழஞ்சுக்கு மேல் பொன் கொடுத்து வாங்கிக் கோயிலில் அந்தணர் உண்ணும் அறத்துக்கு எழுதிவைத்தார். கல்வெட்டு இன்று நமக்குக் கிடைப்பது இந்த அறக்கட்டளை ஆவணமாகத்தான். நிலம் இழந்தவர்களில் ஒருவனுடைய மகனும் தாயும் அதில் வருகிறார்கள்.

1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய தொடர்கதைக்குப் பிறகு தமிழர் அனைவரும் கேட்கும் கேள்வி கொலையைத் தூண்டியது யார் என்பது. நீலகண்ட சாத்திரியார், இராசராசனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன் மீது ஐயம் கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்வெட்டு தூண்டியவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கொலைக்கும் ஓலைக்கும் இடையில் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியதை வைத்து உத்தமன் கொலையாளிகளைக் காத்தான் என்று வாதிடுகிறார்கள். ஆனால் இந்த ஓலை தண்டனைத் தீர்ப்பு அல்ல. சொத்தைப் பறித்து விற்கும் நடவடிக்கையில் ஒரு கட்டம். விசாரணை எப்போது நடந்தது, குற்றவாளிகளின் உடலுக்கு என்ன ஆயிற்று என்பவை அதில் இல்லை. காலதாமதத்தைக் காரணம் காட்டிச் செம்பியன் மாதேவியின் மகனான உத்தமன் மீது கொலைப்பழி சுமத்த இந்த ஆவணம் இடம் தரவில்லை. அது நிரூபிப்பது ஒன்றைத்தான்: கரிகாலன் கொலைக்கு நான்கு சகோதரர்கள் துரோகிகள் எனப்பட்டார்கள், அவர்கள் வீட்டில் பெண் எடுத்தவர்களும் பெண் கொடுத்தவர்களும் சேர்ந்து சொத்தை இழந்தார்கள்.